கையெழுத்து இருந்தால் போதுமா?

விமானப் பராமரிப்பு எஞ்சினியராக நான் வேலை பார்த்த காலத்தில், விமானம் ஓட்டக் கற்க வரும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. முதல் நாள் ஒரே கேள்விதான் கேட்பேன். "வெளியே நிற்கிற விமானம் இன்றைக்குப் பறக்கத் தகுதியானதா? எப்படிச் சொல்வாய்?"

பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சர்டிபிகேட் இருக்கிறது சார். காலையில் நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

அப்போதுதான் அவர்களுக்கு 1935-ல் அமெரிக்காவில் நடந்த கதையைச் சொல்வேன்.

அந்த வருஷம் அமெரிக்க ராணுவம் ஒரு புதிய குண்டுவீச்சு விமானம் வாங்க மூன்று கம்பெனிகளைப் போட்டிக்கு அழைத்திருந்தது. போயிங், மார்ட்டின், டக்ளஸ். போயிங் கொண்டுவந்தது மாடல் 299. நான்கு எஞ்சின். ஆகஸ்டு மாதம் சியாட்டிலில் கிளம்பி, எங்கும் இறங்காமல் சுமார் 9 மணி நேரத்தில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகருக்கு வந்து சேர்ந்தது. போட்டி முடிந்த மாதிரிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அக்டோபர் 30-ம் தேதி டேட்டனில், ரைட் ஃபீல்டு என்ற விமான தளத்தில் அது மேலே கிளம்பியது. ஓட்டியவர் மேஜர் ப்ளாயர் ஹில். கூடவே போயிங் கம்பெனியின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவர். கிளம்பியதும் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஏறி, வேகம் செத்து, தரையில் விழுந்து எரிந்தது. ஹில் இறந்தார். டவரும் காயங்களால் பின்னர் இறந்துபோனார்.

விசாரித்துப் பார்த்தால் விமானத்தில் ஒரு கோளாறும் இல்லை. வால் பக்கத்தில் மேலும் கீழும் அசைகிற எலிவேட்டர் என்ற பலகை உண்டு. மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதும் அதன் வேலை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அனுபவம் இல்லாதவர்களா? அன்றைக்கு அந்த விமானத்தை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சிலர்தான் இருந்திருப்பார்கள்.

பெரிய ஆர்டர் டக்ளஸுக்குப் போயிற்று. போயிங்கிடம் சோதனைக்கென்று 13 விமானங்கள் மட்டும் கேட்டார்கள். இதை ஓட்ட இன்னும் திறமைசாலியான விமானி வேண்டும் என்று தேடவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி விமானியின் கையில் கொடுத்தார்கள். கிளம்பும் முன், பறக்கையில், இறங்கும் முன், இறங்கிய பின். இன்று உலகம் முழுவதும் விமானிகள் படிக்கும் செக்லிஸ்ட் அப்படித்தான் நிலைபெற்றது. அந்த விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் 12,700-க்கும் மேல் தயாரானது.

கதை முடிந்ததும் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போவேன். முதலில் காகிதங்கள்: பதிவுச் சான்று, தகுதிச் சான்று, பராமரிப்புப் பதிவேடு. பிறகு விமானத்தை ஒரு சுற்று. புரொப்பெல்லரில் வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். டயர், பிரேக், இறக்கையின் கீல்கள், எண்ணெய் அளவு எல்லாம் பார்க்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு என்று மீட்டரை நம்பாமல், டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே உட்கார்ந்ததும் கட்டுப்பாட்டு வளையத்தைக் கட்டைவிரல் மேலே நிற்கும்படி பிடித்துத் திருப்பச் சொல்வேன். கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்த இறக்கையின் பலகை மேலே எழ வேண்டும். மாற்றி எழுந்தால் இறங்கி வந்துவிட வேண்டியதுதான்.

ஒரு மழைக்கால விடியற்காலை. நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட சிறிய பயிற்சி விமானத்தை ஹேங்கர் வாசலிலிருந்து தள்ளி வெளியே நிறுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரமே பறந்திருந்த ஒரு மாணவி டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் பெட்ரோல் பிடித்துப் பார்த்தாள். பிறகு குவளையோடு என்னிடம் வந்து, ஒன்றும் பேசாமல் நின்றாள். இளநீலப் பெட்ரோலுக்கு அடியில் நிறமே இல்லாமல் ஒரு விரல்கடை தண்ணீர்.

டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, இரவு மழை உள்ளே இறங்கியிருந்தது. நான் சோதித்த இடத்தில் விமானம் லேசாகச் சாய்ந்து நின்றதால் தண்ணீர் வடிகால் பக்கம் வரவில்லை. சமதளத்துக்கு வந்ததும் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரோடு கிளம்பியிருந்தால், மரத்தின் உயரம் தாண்டும்போது எஞ்சின் நின்றிருக்கலாம்.

"ஏம்மா பேசாமல் நிற்கிறாய்?" என்றேன்.

"நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள் சார். நான்தான் ஏதோ தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று நினைத்தேன்."

என் கையெழுத்தை நானே ரத்து செய்து விமானத்தை நிறுத்தினேன். அன்று பயிற்சி நேரம் வீணாயிற்று என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. எனக்கு அது உறைக்கவில்லை. அந்தப் பெண் தயங்கிய அரை நிமிஷம்தான் உறைத்தது. அவ்வளவு மரியாதையை நானல்லவா கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டு நகரில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி எரிந்தது. ஏழு பேரும் போய்விட்டார்கள். காரணம் அதே பூட்டு. எடுக்கவில்லை. ஓட்டியவர்கள் இருவருமே வெகு அனுபவசாலிகள். விமானத்தின் பதிவுக் கருவியைப் பார்த்தபோது, அதற்கு முந்தைய 175 பயணங்களில் இரண்டே முறைதான் கட்டுப்பாடுகளை முழுமையாக அசைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 1935-ல் பட்டியல் இல்லை. 2014-ல் பட்டியல் இருந்தது. அதன்படி செய்யும் வழக்கம்தான் போய்விட்டிருந்தது.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை என் முதல் வகுப்பில் ஒரு வாக்கியம் சேர்ந்துகொண்டது. "நான் கையெழுத்துப் போட்டது காலை ஆறு மணிக்கு. நீ பறக்கப்போவது இப்போது. தண்ணீர் கண்டால் யோசிக்காமல் வந்து சொல்." சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடிக் குவளையை மேஜைமேல் வைப்பேன்.