மரபணுவும் நகர்மன்றமும்

அறிவியல் விழா என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிதான் நினைவுக்கு வரும். களிமண்ணால் செய்த எரிமலை, அதன் வாயில் சமையல் சோடாவும் வினிகரும், மனப்பாடம் செய்த விளக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவன், தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகரும் சிறப்பு விருந்தினர். அங்கே யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டால் விழாவின் மங்கலம் குலைந்துவிடுமோ என்றொரு தயக்கம். இக்கட்டுரையில் நாம் பேசவிருப்பது வேறோர் ஊரின் அறிவியல் விழாவைப் பற்றி. அவ்வூரில் விழா வருவதற்கு 31 ஆண்டுகள் முன்னதாகவே எதிர்க்கேள்வி வந்துவிட்டது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு எதிரே, சார்லஸ் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது கேம்பிரிட்ஜ். ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இருக்கும் ஊர். 2007 ஏப்ரலில் இங்கே முதல் 'கேம்பிரிட்ஜ் அறிவியல் திருவிழா' நடந்தது. எம்.ஐ.டி. அருங்காட்சியகம் முன்னின்று நடத்த, இரு பல்கலைக்கழகங்களும் பாஸ்டனின் அறிவியல் அருங்காட்சியகமும் நகர நிர்வாகமும் கைகோத்தன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1989 முதலே இத்தகைய விழா உண்டு. அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதும் நாள்கணக்கில் அறிவியலைக் கொண்டாடியது இதுவே முதல்முறை என்பார்கள். இசை விழா, நாடக விழா போல அறிவியலுக்கும் ஒரு விழா என்பதே அதன் எண்ணம். ஆய்வகங்கள் கதவைத் திறந்தன. குழந்தைகள் நுண்ணோக்கியில் கண் பதித்தார்கள். ஆய்வாளர்கள் பொதுமக்களோடு அமர்ந்து பேசினார்கள். உயிரித் தொழில்நுட்பம் அந்நகரின் பெருமிதமாகவும் வருவாயாகவும் ஆகிவிட்டிருந்த காலம் அது.

அதே நகரின் நகர்மன்றக் கூடத்தில், 1976 கோடையில், உயிரித் தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒரு குற்றவாளியைப் போல நிறுத்தப்பட்டிருந்தது என்பதை அவ்விழாவுக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

*

சற்றுப் பின்னோக்கிப் போவோம். 1970களின் தொடக்கத்தில், ஓர் உயிரின் டி.என்.ஏ.வை வெட்டி இன்னோர் உயிரின் டி.என்.ஏ.வோடு ஒட்டும் வித்தை கைவந்தது. பால் பெர்க், ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் ஆகியோர் இதன் முன்னோடிகள். வித்தை கைவந்ததுமே அச்சமும் வந்தது. புற்றுநோயைத் தூண்டும் வைரஸின் துண்டொன்றை, மனிதக் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் என்ன ஆகும்? அது ஆய்வகத்தை விட்டு வெளியேறினால்? 1974இல் பெர்க்கும் சகாக்களும், சிலவகைப் பரிசோதனைகளைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு சக அறிவியலாளர்களை வெளிப்படையாக வேண்டிக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமார் கடற்கரையில் சுமார் 150 பேர் கூடி, எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு காப்பு என்று விவாதித்தார்கள்.

அறிவியல் வரலாற்றில் அது அரிதானதொரு தன்னடக்கம், ஐயமில்லை. எனினும் அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் அறிவியலாளர்களே. சில வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் உடனிருந்தார்கள். ஆய்வகத்துக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர் இல்லை. ஆய்வகத்தின் தரையைக் கூட்டுபவரும் இல்லை.

அந்த இல்லாமைதான் ஓராண்டுக்குப் பின் கேம்பிரிட்ஜில் வெடித்தது. ஹார்வர்ட் தன் உயிரியல் கட்டடத்தில் 'பி3' தரத்து ஆய்வகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. காப்புநிலைகள் நான்கில் பி3 மூன்றாவது. ஓரளவு அபாயம் உள்ளவை என்று கருதப்பட்ட பரிசோதனைகளுக்கானது. எதிர்ப்பு முதலில் உள்ளிருந்தே எழுந்தது. உயிரியலாளர் ரூத் ஹப்பர்ட், அவருடைய கணவரும் 1967இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் வால்ட் ஆகியோர் இத்தகைய ஆய்வு மக்கள் நெருங்கி வாழும் ஊரின் நடுவே வேண்டாம் என்றார்கள். அவர்கள் பக்கம் எளிமையான சாட்சி ஒன்றும் இருந்தது: எறும்பு. அப்பழைய கட்டடத்தின் சுவர்களுக்குள் பாரோ எறும்பு எனப்படும் சிற்றெறும்புகள் குடியேறியிருந்தன. எந்த மருந்துக்கும் அவை அசையவில்லை. எறும்பையே வெளியேற்ற முடியாத கட்டடத்தில் பாக்டீரியாவை எப்படி அடைத்துவைப்பீர்கள் என்ற கேள்வியைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் வேண்டியதில்லை.

செய்தி உள்ளூர் வார இதழ் வழியாக மேயர் ஆல்ஃபிரட் வெல்லூச்சியின் காதுக்கு எட்டியது. இத்தாலிய வம்சாவளியினர், ஊரின் கிழக்கே உழைக்கும் மக்கள் வாழும் பகுதியின் குரல். ஹார்வர்டைச் சீண்டுவது அவருக்கு நெடுநாள் பொழுதுபோக்கு; அதன் புகழ்பெற்ற முற்றத்தை வாகன நிறுத்துமிடமாக்க வேண்டும் என்று முன்பே முழங்கியவர். அவரை வெறும் கோமாளியாகக் காட்டிய எழுத்துகள் உண்டு. அதற்கு அவரும் இடம் கொடுத்தார். 1977இல், அண்டை ஊர்களில் ஆரஞ்சு நிறக் கண்களுடைய விசித்திரப் பிராணியும் ஒன்பதடி உயர ரோமப் பிராணியும் தென்பட்டதாக வந்த செய்திகளைச் சுட்டி, இவற்றுக்கும் மரபணு ஆய்வுக்கும் தொடர்புண்டா என்று விசாரிக்கும்படி தேசிய அறிவியல் கழகத் தலைவருக்கே கடிதம் எழுதினார்.

ஆனால் 1976 ஜூன் 23 அன்று நகர்மன்றக் கூடத்தில் அவர் முன்வைத்தது கோமாளித்தனமன்று. மத்திய அரசின் தேசிய உடல்நலக் கழகங்கள் இந்த ஆய்வுக்கான விதிமுறைகளை வெளியிட்டதும் அதே நாள்தான். கூடம் நிரம்பி வழிந்தது. தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்திருந்தன. பள்ளி மாணவர்களின் சேர்ந்திசையோடு கூட்டம் தொடங்கியது. சாட்சி சொல்ல வந்த அறிவியலாளர்களிடம் மேயர் முதலில் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர், நான் உட்பட, பாமரர்கள், உங்கள் சுருக்கெழுத்துகள் எங்களுக்குப் புரியாது, அவற்றை விரித்துச் சொல்லுங்கள். பின்பு கேள்விகள். அபாயம் அறவே இல்லை என்று உங்களால் உறுதி கூற முடியுமா? தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? இதே ஊரில் வாழும் எங்களை ஏன் யாரும் கேட்கவில்லை?

அறிவியலாளர்களுக்கு இது அவமதிப்பாகப் பட்டது. சிலருக்கு கலிலியோவின் விசாரணை நினைவுக்கு வந்தது. நமக்கு அவ்வொப்புமை பொருந்துவதாகத் தோன்றவில்லை. கலிலியோவிடம் கருத்தைக் கைவிடச் சொன்னார்கள். இங்கே கேட்டது விளக்கம்.

*

ஜூலை 7ஆம் நாள் நடந்த இரண்டாம் கூட்டத்தின் முடிவில், பி3 ஆய்வுகளை மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு நகர்மன்றம் கேட்டுக்கொண்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. இரு பல்கலைக்கழகங்களும் இணங்கின. இந்த இடைவெளியில் நிகழ்ந்ததுதான் எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஊர்மக்களிலிருந்து ஒரு மறுஆய்வுக் குழுவை நகரம் நியமித்தது. வீடுகளுக்கு எரிபொருள் எண்ணெய் விற்கும் வணிகரும் முன்னாள் மேயருமான டேனியல் ஹேய்ஸ் தலைவர். செவிலியப் பயிற்சி பெற்ற கன்னிகாஸ்திரீ, பொறியாளர், மருத்துவர், சமூகப்பணியாளர், ஷெல்டன் கிரிம்ஸ்கி என்னும் பல்கலைக்கழக ஆசிரியர் என உறுப்பினர்கள். மூலக்கூறு உயிரியலாளர் ஒருவரும் இல்லை.

இவர்கள் 1976 ஆகஸ்ட் தொடங்கி, மாலை நேரங்களில், தத்தம் வேலை முடிந்து வந்து படித்தார்கள். பிளாஸ்மிட் என்றால் என்ன, ஈ.கோலியின் கே-12 வகை பலவீனமானது என்று சொல்லப்படுவது ஏன், அது மனிதக் குடலில் எத்தனை நாள் உயிர் தரிக்கும் என்றெல்லாம் கேட்டார்கள். எதிர்ப்பவர்களையும் ஆதரிப்பவர்களையும் அழைத்து, நீதிமன்றம் போலவே எதிரெதிரே அமர்த்தி வாதிடச் செய்தார்கள். 1977 ஜனவரியில் அறிக்கை வந்தது. ஆய்வை அனுமதிக்கலாம், ஆனால் மத்திய அரசின் விதிகள் போதா என்று ஒருமனதாகச் சொன்னார்கள். பயன்படுத்தும் பாக்டீரியாவின் தூய்மையைச் சோதிக்க வேண்டும். ஆய்வகப் பணியாளர்களின் உடலுக்குள் அது தங்குகிறதா என்று கண்காணிக்க வேண்டும். நகரமே ஓர் உயிரிஅபாயக் குழுவை வைத்திருக்க வேண்டும். பிப்ரவரி 7 அன்று இது நகரச் சட்டமாயிற்று. மரபணு ஆய்வைப் பற்றி அமெரிக்க நகரம் ஒன்று இயற்றிய முதல் சட்டம் இதுவே.

இரு தரப்பிலும் பலர் இப்படி எதிர்பார்த்திருக்கவில்லை. பாமரர்களிடம் விட்டால் ஆய்வைக் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சியவர்களும், தடைசெய்துவிடுவார்கள் என்று நம்பியவர்களும் ஒருசேரப் பொய்த்தார்கள்.

பின்கதை இன்னும் சுவையானது. ஹார்வர்டின் வால்டர் கில்பர்ட்டும் எம்.ஐ.டி.யின் ஃபிலிப் ஷார்ப்பும் பிறரும் சேர்ந்து 1978இல் ஜெனீவாவில் பயோஜென் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது கேம்பிரிட்ஜில் இடம் தேடியபோது, 1981இல் நகரம் தன் சட்டத்தைத் திருத்தித் தனியார் நிறுவனங்களையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. மத்திய அரசின் விதிகள் அரசு நிதி பெறுவோரை மட்டுமே கட்டுப்படுத்தின. கேம்பிரிட்ஜிலோ எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது எழுத்தில் இருந்தது. சட்டம் தொழிலை விரட்டவில்லை. தெளிவு தந்து வரவேற்றது. பழைய தொழிற்சாலைகள் நின்ற கெண்டல் சதுக்கம் உயிரித் தொழில்நுட்பத்தின் தலைவாசலாயிற்று. 2020இல் கொரோனா தடுப்பூசி உருவாக்கிய மாடர்னா நிறுவனமும் இவ்வூரில் 2010இல் பிறந்ததே.

*

இவ்வரலாற்றை மகிழ்ச்சியான முடிவுள்ள கதையாகச் சொல்லி நிறுத்திவிடலாம். எங்களுக்கு அது போதவில்லை. அன்று அஞ்சிய பேரழிவு வரவில்லை. தொடக்ககாலக் கட்டுப்பாடுகள் பலவும் நாளடைவில் தளர்த்தப்பட்டன. ஆகவே மேயரின் கேள்விகள் வீண் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அபாயம் இல்லை என்பது 1976இல் யாருக்கும் தெரியாது. நம்பிக்கை மட்டுமே இருந்தது. தெரியாதபோது கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே குற்றம்.

விழாவில் மக்கள் விருந்தினர். நகர்மன்றத்தில் மக்கள் நடுவர். விருந்தினருக்கு வியப்பு போதும், நடுவருக்குப் புரிதல் வேண்டும். எண்ணெய் வணிகர் பிளாஸ்மிட்டைக் கற்றது அவர் கையெழுத்துக்கு விளைவு இருந்ததனால்தான். மக்களுக்கு அறிவியல் புரியாது என்று சலித்துக்கொள்பவர்கள், மக்களிடம் எப்போதாவது ஒரு முடிவை ஒப்படைத்துப் பார்த்ததுண்டா?

நம் நாட்டிலும் ஒருமுறை இது நிகழ்ந்தது. பி.டி. கத்தரிக்காய் வணிகப் பயிராகலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அதை உருவாக்கியவற்றுள் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஒன்று என்பது நினைவிருக்கலாம். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு நகரங்களில் மக்களை நேரில் கேட்டார். கூச்சலும் குழப்பமுமாகவே அவை நடந்தன. பிப்ரவரி 9 அன்று பயிருக்குத் தற்காலிகத் தடை வந்தது. அம்முடிவு சரியா தவறா என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் கூச்சலுக்குப் பிறகு மாலைதோறும் நடந்த படிப்பு ஒன்று இருந்தது. அதற்கு ஒரு குழுவும் கால அவகாசமும் இருந்தன. நம்மிடம் கூச்சல் மட்டும் நிகழ்ந்து, படிப்பு நிகழாமலே போயிற்று என்பதில் எங்களுக்கு வேறுபாடில்லை.

அறிவியல் விழாக்கள் நம் ஊர்களிலும் பெருக வேண்டும். குழந்தைகள் நுண்ணோக்கியின் முன் வரிசையில் நிற்க வேண்டும். அவ்வரிசையின் முடிவில், பழைய கட்டடத்து எறும்புகளைப் பற்றிக் கேட்பதற்கும் ஒரு மேசை இருக்கட்டும்.