கடைசி இன்னிங்ஸுக்கு யார்? பேஸ்பாலும் பகடை ஆட்டமும்

பேஸ்பால் என்றால் நமக்கெல்லாம் ஹாலிவுட் படத்தில் யாராவது மட்டையைச் சுழற்றுவதுதான் ஞாபகத்துக்கு வரும். கிரிக்கெட்டில் கேப்டன் நல்ல பவுலருக்கு முதலில் இரண்டு ஓவர் கொடுத்து, நிறுத்தி வைத்து, கடைசியில் திரும்ப அழைப்பார் இல்லையா? பேஸ்பாலில் அந்த வசதி கிடையாது. ஒரு பிட்சரை வெளியே அனுப்பிவிட்டால் அன்றைய ஆட்டத்தில் அவர் கதை முடிந்தது. ஆக, ஒன்பது இன்னிங்ஸில் தன்னிடம் இருக்கும் மிகச்சிறந்த மாற்றுப் பிட்சரை (ரிலீஃப் பிட்சர் என்பார்கள்) எப்போது இறக்குவது என்பதுதான் மேனேஜருக்குத் தீராத தலைவலி.

இந்தத் தலைவலியை வீட்டு மேஜைக்கே கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் ரிச்சர்ட் சைட்ஸ் 1951-ல் ஆப்பா என்ற ஆட்டத்தை விற்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை, இரண்டு பகடை. பிட்சர்களுக்கு ஏ, பி, சி, டி என்று பரீட்சை மாதிரி கிரேடு. அடுத்து ஹால் ரிச்மன். பதினோரு வயதிலேயே பகடையை உருட்டிக் கணக்குப் போட ஆரம்பித்த பையன், வளர்ந்து 1961-ல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். இதில் மூன்று பகடை. முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டை. அதாவது சரிபாதி ஆட்டம் பிட்சர் கையில். யாரை எப்போது இறக்குகிறோம் என்பதற்கு இதைவிட எளிமையான விளக்கம் வேண்டுமா!

ஆனால் ஒரு சிக்கல். அட்டைக்குக் கை வலிக்காது. விட்டால் ஒரே ஆளைத் தினமும் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்தே வீச வைத்துவிடலாம். அதனால்தான் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டையில் ரிலீஃப் பிட்சருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அத்தனை இன்னிங்ஸுக்குப் பிறகு அவர் களைத்துப் போவார், அடிக்க எளிதாகிவிடுவார். நிஜ சீசனில் வீசியதற்கு மேல் ஒரு வீரரை வீச வைக்கக் கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஆட்டக் குழுக்களும் உண்டு. (1974-ல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில், ரிலீஃப் பிட்சராக மட்டுமே, 208 இன்னிங்ஸ் வீசினார். அவருக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் உறைத்திருக்காது.)

நிஜ மைதானத்திலோ வேறு ஒரு கணக்கு உள்ளே நுழைந்தது. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் உருவாக்கிய 'சேவ்' என்ற புள்ளிவிவரம் 1969-ல் அதிகாரபூர்வமானது. இன்றைய விதிப்படி, மூன்று ரன் முன்னிலையில் வந்து ஒரே ஒரு இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தாலும் ஒரு சேவ் கணக்கில் ஏறிவிடும். 1988-ல் ஓக்லண்டின் டோனி லா ருஸ்ஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கி 45 சேவ் எடுக்க வைத்ததும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்று ரன் முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் போகும் அணி, யார் வீசினாலும் ஏறக்குறைய 97 சதவீதம் ஜெயித்துவிடும். ஏழாவது இன்னிங்ஸில் ஸ்கோர் சமமாக இருந்து, மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போதுதான் சூரர் தேவை. அப்போது அவர் ஓரமாக உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருப்பார்! பகடை உருட்டுபவருக்கு யாரும் சேவ் கணக்கைப் பார்த்துச் சம்பளம் கொடுப்பதில்லை. அவருக்கு வேண்டியது வெற்றி மட்டுமே.

2003-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் இதைத் துணிந்து சோதித்துப் பார்த்தது. புள்ளிவிவரப் புலி பில் ஜேம்ஸ் அப்போது அங்கே ஆலோசகர். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று தனி ஆள் கிடையாது, சூழ்நிலைக்குத் தக்க ஆள் என்றார்கள். முதல் ஆட்டமே டாம்பா பே அணியுடன். 4-1 முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் போய் 6-4 என்று தோற்றார்கள். பத்திரிகைகள் பிய்த்து எடுத்துவிட்டன. ஆனால் தோற்றது திட்டமல்ல, வீசியவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டுக்குக் கீத் ஃபோல்கைக் கொண்டு வந்து, பழைய முறைக்கே திரும்பி, வேர்ல்ட் சீரிஸையும் ஜெயித்தார்கள்.

2016 அக்டோபர் 4 அன்று நடந்தது இதைவிடப் பரிதாபம். பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47 சேவ் எடுத்தவர். டொராண்டோவுடன் தோற்றால் வெளியே என்ற ஆட்டம், ஸ்கோர் சமம். முன்னிலை வரட்டும், அப்புறம் பிரிட்டன் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் காத்திருந்தார். பதினோராவது இன்னிங்ஸில் எட்வின் என்கார்னேசியன், உபால்டோ ஹிமெனெஸ் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமல் வீட்டுக்குப் போனார்.

அதே மாதம் கிளீவ்லாண்டின் டெர்ரி ஃப்ரான்கோனா, ஆண்ட்ரூ மில்லரைத் தேவைப்பட்டால் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கி வேர்ல்ட் சீரிஸ் வரை போனார். எதிரணி சிகாகோ கப்ஸும் சும்மா இல்லை. அரோல்டிஸ் சாப்மனை ஐந்தாவது ஆட்டத்தில் 42 பந்துகள் வீச வைத்து, ஆறாவதில் ஐந்து ரன் முன்னிலை இருந்தும் ஏழாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார்கள். மறுநாள் ஏழாவது ஆட்டம். மில்லர் பந்தில் 39 வயது டேவிட் ராஸ் ஹோம் ரன் அடித்தார். எட்டாவது இன்னிங்ஸில் சாப்மன் பந்தை ராஜாய் டேவிஸ் இடதுபக்க வேலிக்கு மேல் தூக்கி அடிக்க, ஸ்கோர் 6-6. கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று தப்பிப் பிழைத்தது. அட்டையில் இருந்த அந்தச் சின்ன எண் இரண்டு பேருக்குமே அன்று தீர்ந்துபோயிருந்தது.