பின்னுதைப்பை அடக்கிய குழல்வாய்த் தடுப்பு

துப்பாக்கிக் குண்டு முன்னோக்கிப் பாயும்போது அதற்கு ஈடான உந்தத்துடன் துப்பாக்கி பின்னோக்கி வந்து சுடுபவரின் தோளில் இடிப்பதே பின்னுதைப்பு எனப்படும். அந்த உந்தம் முழுவதும் குண்டினால் மட்டும் உண்டாவதில்லை. .30-06 வகைத் தோட்டாவில் ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ள குண்டை 3 கிராமுக்குச் சற்று மிகுந்த வெடிமருந்து தள்ளுகிறது. எரிந்து வாயுவாகும் அம்மருந்து குண்டைக் காட்டிலும் கூடிய வேகத்துடன் குழலை விட்டு வெளியேறுவதால், மொத்தப் பின்னுதைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனால் விளைகிறது. குழலின் முனையில் பொருத்தப்படும் குழல்வாய்த் தடுப்பு, அதாவது மஸில் பிரேக், பக்கத் துளைகளும் தடுப்புச் சுவர்களும் கொண்டது. அது வாயுவைப் பக்கவாட்டிலும் ஓரளவு பின்புறமாகவும் திருப்பிவிட, சுவர்களில் மோதும் வாயு துப்பாக்கியை முன்னோக்கித் தள்ளுகிறது. குண்டின் எடையை நோக்க மருந்தின் அளவு கூடக்கூட இதன் பயனும் கூடும் என்பதால், கருவியின் வரலாற்றையே இந்த விகிதம் வழிநடத்தியது எனலாம்.

இக்கருத்து முதலில் பீரங்கிகளில்தான் சோதிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி திரெய் த போலியோ, குழலின் முனையருகே சாய்வான துளைகளிட்டுப் பின்னுதைப்பைக் குறைக்க முயன்றார். எனினும் 1897ஆம் ஆண்டின் பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கி, எண்ணெயும் அழுத்தக் காற்றும் கொண்டு இயங்கிய அமைப்பால் குழலை மட்டும் பின்னகரச் செய்து வண்டியை அசையாமல் நிறுத்தியதால், வாயுவைத் திருப்பும் வழியின் தேவை சில பத்தாண்டுகளுக்குப் பின்தள்ளப்பட்டது.

தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளுக்கு இக்கருவியைக் கொண்டுவந்தது கவச வாகனமே. 1918இல் ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் பிரிட்டிஷ் டாங்குகளைத் துளைக்க உருவாக்கிய 13.2 மில்லிமீட்டர் ரைஃபிளில் பின்னுதைப்பைத் தணிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், சுமார் 16 கிலோ எடையிருந்தும் அதன் இடியைத் தோள் தாங்குவது அரிதாயிற்று. அதற்கு நிகரான எடையுடன் 1937இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த .55 அங்குல பாய்ஸ் ரைஃபிள், குழல்வாய்த் தடுப்பு, அதிர்வு தாங்கி, மெத்தையிட்ட பின்கட்டை ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டிருந்தது. 1941இல் சோவியத் படை ஏற்ற தெக்தியாரோவ், சிமோனோவ் ஆகியோரின் 14.5 மில்லிமீட்டர் ரைஃபிள்களிலும் இத்தடுப்பு இடம்பெற்றது.

இதனோடு ஒட்டி வளர்ந்த மற்றொரு கருவி காம்பென்சேட்டர். தொடர்ச்சியாகச் சுடும்போது குழல்முனை மேலெழுவதைத் தடுக்க, வாயுவின் ஒரு பகுதியை மேல்நோக்கி வெளியேற்றி முனையைக் கீழே அழுத்துவது இதன் பணி. அமெரிக்கக் கடற்படைவீரர் அணியைச் சேர்ந்த ரிச்சர்ட் கட்ஸ் வகுத்த இத்தகைய கருவி 1920களில் தாம்சன் துப்பாக்கியில் பொருத்தப்பட்டது. பிற்காலத்தில் வந்த 5.45 மில்லிமீட்டர் ஏகே-74 இவ்விரு பணிகளையும் ஒரே கருவியில் இணைத்தது.

டாங்குகளின் கவசம் தடித்ததும் பெருந்துப்பாக்கிகள் வழக்கொழிந்தன. ஆனால் 1982இல் அமெரிக்காவின் டென்னசியில் ரோனி பாரெட் உருவாக்கிய 12.7 மில்லிமீட்டர் ரைஃபிள், அம்புமுனை வடிவத் தடுப்புடன் அவ்வகைக்கு மறுவாழ்வு தந்தது. இந்தியாவில் திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை தயாரித்த வித்வன்சக் ரைஃபிளும், 20 மில்லிமீட்டர் வரையிலான குழல்களை ஏற்பதால், இத்தடுப்பையே சார்ந்துள்ளது.

இன்று வேட்டைத் துப்பாக்கிகளிலும் போட்டித் துப்பாக்கிகளிலும் இது தனி உறுப்பாகத் திருகப்படுகிறது. .30 அளவுக் குழல்களுக்கு அங்குலத்துக்கு 24 புரிகள் கொண்ட 5/8 அங்குலத் திருகுமரை அமெரிக்காவில் பெருவழக்கு. குழலின் வெளிப்பரப்பு எப்போதும் உள்துளைக்கு நடுவாக அமைவதில்லை. எனவே மரையைக் கடைசல் இயந்திரத்தில் உள்துளையின் அச்சை ஒட்டியே வெட்ட வேண்டும். தடுப்பின் வழித்துளை குண்டைவிடச் சற்றே அகலமாக இருத்தல் வேண்டும். மிகக் குறுகினால் சிறு சாய்வும் குண்டைத் தடுப்பில் உரசச் செய்யும், மிக அகன்றால் வாயு திரும்பாமல் நேரே முன்னால் போய்விடும். பொருத்திய பின் குழலின் அதிர்வு மாறுவதால் குறிநோக்கியை மீண்டும் சரிசெய்தல் இன்றியமையாதது.

வாயுவோடு ஓசையும் பக்கவாட்டிலும் பின்புறமும் திரும்புவதுதான் இதன் பெருங்குறை. வெடியோசையில் செவிக்குத் தீங்கின் எல்லையாகக் கொள்ளப்படும் 140 டெசிபெலை ரைஃபிள் தடுப்பின்றியே கடந்துவிடுகிறது. தடுப்பு அதைச் சுடுபவருக்கும் அருகிலிருப்பவருக்கும் மேலும் கூட்டுவதோடு, தரையிலிருந்து புழுதியைக் கிளப்பிப் படைவீரர் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. எனவே மருந்து மிகுந்த பெருந்தோட்டாவுக்குத் தவிர்க்க இயலாத இக்கருவி, சிறுதோட்டாவுக்கு ஈட்டித்தரும் ஆதாயத்தை விடச் செவிக்கு விளைக்கும் கேடே மிகுதியாகலாம்.