பசவனகுடி உணவகச் சொற்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. முன்னுரை

‘காலையில் ஹோட்டலுக்குச் சென்று திண்டி முடித்து, பை-டூ காபி குடித்துவிட்டு வந்தோம்’ என்னும் பொருள்படும் எளிய தொடரொன்று, பெங்களூருவைக் களமாகக் கொண்ட கன்னடக் கதையில் வருவதாகக் கொள்வோம். இதனைத் தமிழாக்குவோர் மூன்று இடங்களில் தயங்க நேரும். ‘ஹோட்டல்’ என்பதை ‘விடுதி’ என்றால், பாத்திரங்கள் இரவு தங்கியதாகப் பொருள்படும். ‘திண்டி’ என்பதற்கு அதே வேரினின்று பிறந்த ‘தீனி’யை இட்டால், இயல்பான காலைச் சிற்றுண்டி இழிவான உண்டியாகிவிடும். ‘பை-டூ’ என்பதை ‘அரைக் காபி’ என்றால், ஒரு காபியை வாங்கி இரு குவளைகளில் பகிர்ந்து குடிக்கும் நட்பின் வழக்கம் மறைந்துபோகும்.

இத்தயக்கங்களை அகராதியால் மட்டும் தீர்த்துவிட இயலாது. ஒவ்வொரு சொல்லின் பின்னும் யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் எங்கே அமர்ந்து உண்டார் என்னும் வரலாறு உள்ளது. பெங்களூருவின் தென்பகுதியிலுள்ள பசவனகுடியையும் அதனையடுத்த சங்கரபுரம், விசுவேசுவரபுரம், மாவள்ளி ஆகியவற்றையும் களமாகக் கொண்டு, உணவகங்களின் பெயர்கள் வழியே அவ்வரலாற்றைக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

2. களம்

பழைய பெங்களூரு இரு நகரங்களாக இயங்கியது. கோட்டையையும் பேட்டையையும் கொண்ட நகரம் மைசூர் அரசின்கீழ் இருந்தது. 1809இல் அமைந்த தண்டுப்பகுதி பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தது. இரண்டும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியாயின. பேட்டையின் நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மல்லேசுவரமும் பசவனகுடியும் திட்டமிட்ட குடியிருப்புகளாக உருவாயின. 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய் இக்குடியேற்றத்தை விரைவுபடுத்தியது.

அகன்ற தெருக்களையும் தோட்டம் சூழ்ந்த வீடுகளையும் கொண்ட இப்பகுதியில் அரசு அலுவலர், ஆசிரியர், வழக்குரைஞர் முதலானோர் குடியேறினர். வீட்டுச் சமையலே ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கருதப்பட்ட சமூகம் இது. எனினும் வெளியூரிலிருந்து தனியே வந்து தங்கிய மாணவரும் எழுத்தரும் எங்கேனும் உண்ண வேண்டியிருந்தது. வெளியே உண்ணும் தேவையும் வெளியே உண்ணலாகாது என்னும் விதியும் மோதிய இவ்விடத்தில்தான் உணவகப் பெயர்கள் பிறந்தன. உண்பவரின் தயக்கத்தைப் போக்குவதே அப்பெயர்களின் முதற்பணியாக இருந்தது.

3. ‘காபி கிளப்’

இன்று ‘எம்.டி.ஆர்.’ என அறியப்படும் நிறுவனம், 1924இல் உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்த மையா சகோதரர்களால் ‘பிராமின் காபி கிளப்’ என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. இப்பெயரின் மூன்று சொற்களும் தனித்தனியே நோக்கத்தக்கவை.

ஆங்கிலத்தில் ‘கிளப்’ என்பது உறுப்பினர் மட்டும் கூடும் இடம். தென்னிந்திய மொழிகளில் அது பணம் கொடுத்து உண்ணும் கடையைக் குறித்தது. தமிழ்நாட்டிலும் ‘காபி கிளப்’, ‘கிளப்புக் கடை’ ஆகிய வழக்குகள் இருந்தன. ஆயினும் மூலச்சொல்லின் விலக்குப் பொருள் முற்றிலும் மறைந்துவிட்டது எனல் இயலாது. முன்னே நின்ற சாதிப்பெயர் சமைப்பவர் யார் என்பதை அறிவித்தது. ஆசாரமுடைய ஒருவருக்கு அது உறுதிமொழி. வேறொருவருக்கோ வாயிலிலேயே சொல்லப்பட்ட விடை. அக்காலத் தென்னிந்திய உணவகங்கள் பலவற்றில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. தலித் மக்களுக்கு நுழைவே மறுக்கப்பட்டது. நடுவில் நிற்கும் ‘காபி’ என்னும் புதுப்பானமோ மரபு நூல்களின் விதிகளில் இடம்பெறாதது. சாத்திரம் அறியாத பொருளைச் சாத்திரத்திற்கு உட்பட்ட கையால் வழங்குவதே இப்பெயர் செய்த சமரசம் எனலாம்.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் கடைகளிலும் பொது உணவகங்களிலும் எவரையும் தடுக்கலாகாது என விதித்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் உணவகத்தைப் பெயர்சுட்டிக் கூற வேண்டியிருந்தது என்பதே, உணவக வாயில் எத்தகைய எல்லையாக இருந்தது என்பதைக் காட்டும். சென்னையில் உணவகப் பலகைகளிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957இல் நடத்திய போராட்டம், சட்டம் திறந்த வாயிலில் சொல் இன்னும் காவல் நின்றதை உணர்த்தியது.

காபி கிளப் 1960இல் லால்பாக் சாலைக்கு மாறியபோது ‘மாவள்ளி டிபன் ரூம்ஸ்’ எனப் பெயர் பெற்றது. சாதிப்பெயர் நின்ற இடத்தில் ஊர்ப்பெயர் வந்தது. இதனைச் சட்டத்தின் நேர்விளைவு எனத் துணிவதற்கில்லை. 1965இல் சங்கரபுரத்தில் தொடங்கிய சிறு கடையொன்று ‘பிராமின்ஸ் காபி பார்’ என்றே பெயர் கொண்டது. அங்கே அமரும் மேசையில்லை. வருவோர் எல்லாரும் தெருவோரம் நின்று இட்லியும் வடையும் உண்கின்றனர். 1924இன் பலகையிலும் 1965இன் பலகையிலும் ஒரே சாதிச்சொல் இருப்பினும் அது செய்யும் வேலை ஒன்றன்று. முன்னதை நுழைவுரிமையோடும் பின்னதைச் சுவையோடும் இணைத்துக் காண்பதே வரலாற்றுக்குப் பொருந்தும். எனினும் தூய்மைக்கும் சுவைக்கும் ஒரு சாதியின் பெயரே இன்னும் சான்றாக நிற்பதையும் ஆய்வாளர் புறக்கணித்தல் கூடாது.

4. ‘மிலிட்டரி ஹோட்டல்’

பெங்களூருவின் புலால் உணவகங்களுக்கு ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்பது பெருவழக்கான பெயர். தமிழ்நாட்டிலும் இது வழங்கியது. இதன் தோற்றத்தை மராத்தியப் படைகளோடு இணைப்பாரும் உலகப்போர்க் காலத்தோடு இணைப்பாரும் உளர். பொருளில் ஐயமில்லை: இங்கு இறைச்சி கிடைக்கும். இதனை ‘இராணுவ விடுதி’ எனப் பெயர்ப்பது இரு சொற்களிலும் பிழையாகும்.

காபி கிளப்பும் மிலிட்டரி ஹோட்டலும் பொருளால் ஓர் இணை. ‘சைவம், அசைவம்’ என இன்று நாம் உணவைப் பிரிக்குமிடத்தில், அப்பெயர்கள் உண்போரைப் பிரித்தன. புலால் உண்ணலைப் போர்வீரர்க்கு உரியதாக்கியதில், அதனை இயல்பான குடும்ப உணவாக ஏற்காத ஒரு பார்வையும் அடங்கியுள்ளது. ஆயின் அதே பெயரை ஊக்கமும் வலிமையும் தரும் உணவுக்கு அடையாளமாகக் கடையினர் பெருமையுடன் சூடிக்கொண்டனர் என்பதும் கருதத்தக்கது.

5. ‘ஐயங்கார் பேக்கரி’

ரொட்டி சுடும் கடை இந்நகரில் இரு வழிகளில் வேரூன்றியது. தண்டுப்பகுதியின் பேக்கரிகள் ஐரோப்பியர், கிறித்தவர், இசுலாமியர் ஆகியோரின் தேவைக்கு எழுந்தவை. பேட்டையிலும் பசவனகுடியிலும் ரொட்டியை ஏற்கச் செய்தவை ஐயங்கார் பேக்கரிகள். ஹாசன் பகுதியிலிருந்து வந்த எச்.எஸ். திருமலாச்சார் 1898இல் சிக்கப்பேட்டையில் தொடங்கிய கடை இம்மரபின் முதற்கடையாகக் கூறப்படுகிறது. விசுவேசுவரபுரத்தின் வி.பி. பேக்கரி 1953இல் தோன்றியது.

முட்டை சேராமை இக்கடைகளின் அடிப்படை விதி. அந்நியர் சுட்ட ரொட்டியைத் தொடத் தயங்கிய வீடுகளுக்குள் ‘ஐயங்கார்’ என்னும் சொல் அதனைக் கொண்டு சேர்த்தது. ஆயினும் பேக்கரிக்கும் காபி கிளப்புக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. பேக்கரியில் பந்தியில்லை. வாங்குவோர் தெருவில் நின்று காசைக் கொடுத்துப் பண்டத்தைப் பெற்றுச் சென்றனர். யாருக்கு அருகில் யார் அமர்வது என்னும் வினாவே அங்கு எழவில்லை. சாதிப்பெயரைத் தலையில் தாங்கிய கடையே சாதி வினவாமல் விற்பதற்கு ஏற்ற அமைப்பையும் பெற்றிருந்தது.

மொழியாய்வாளர்க்கு இக்கடைகள் தனிச் சிறப்புடையவை. ஹாசன் பகுதி ஹெப்பார் ஐயங்கார்களின் வீட்டுமொழி கன்னடச் சாயல் மிக்க தமிழ். அவ்வீட்டுச் சமையலறையில் வழங்குபவை தளிகை, சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது முதலிய வைணவத் தமிழ்ச் சொற்கள். கடையின் கண்ணாடிப் பேழைக்குள் அவற்றுள் ஒன்றும் இல்லை. பன், டோஸ்ட், கேக் ஆகியவை ஆங்கிலம்; ‘உள்ளத்துக்கு உவந்தது’ எனப் பொருள்படும் ‘தில்பசந்து’ பாரசீக வழிவந்த உருதுத் தொடர்; தமிழர் ‘தட்டை’ என்பதை ஒத்த ‘நிப்பட்டு’ கன்னடம். கோயில் மணம் கமழும் தமிழ் அடுக்களையோடு நிற்க, வணிகம் பிறமொழிகளில் நடந்தது. இரு உணவுகளின் எல்லையை இரு சொல்தொகுதிகள் காத்தன எனலாம்.

ரொட்டிக்கான சொற்களே கடன் வந்த வழியைக் காட்டுகின்றன. இலங்கைத் தமிழின் ‘பாண்’, பம்பாயின் ‘பாவ்’ ஆகிய இரண்டும் போர்த்துக்கீசிய மூலமுடையவை. பெங்களூருவின் ‘பிரெட்’, ‘பன்’ ஆகியவை ஆங்கிலத் தண்டுப்பகுதியின் கொடை.

இன்று ‘ஐயங்கார் பேக்கரி’ என்னும் பலகை தாங்கிய கடைகள் பலவற்றை நடத்துவோர் ஐயங்கார் அல்லர். சாதிப்பெயர் பண்ட வகையின் பெயராகிவிட்டது. ‘உடுப்பி ஹோட்டல்’ என்பதில் ஊர்ப்பெயர் சமையல் முறையின் பெயரானதை இதனோடு ஒப்பிடலாம்.

வேர்க்கடலையின் பெயர்மாற்றமும் சுவையானது. வறுத்துத் தோல் நீக்கிய கடலைப் பருப்பைக் காரமிட்டு விற்கும் பண்டம் ‘காங்கிரஸ் கடலேகாயி’ எனப்படுகிறது. பருப்பு இரண்டாகப் பிளந்திருப்பதால், 1969இல் காங்கிரஸ் கட்சி பிளவுற்றதை ஒட்டி இப்பெயர் எழுந்ததாகக் கூறுவர். கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களன்று நந்தி கோயிலருகே கடலைத் திருவிழா நடைபெறும் பசவனகுடியில், அரசியலும் கடலையாலேயே பேசப்பட்டது வியப்பன்று.

6. ‘பவன்’ முதல் ‘தர்ஷினி’ வரை

காந்தி பஜாரில் 1943இல் தோன்றிய உணவகம், சாதியையோ ஊரையோ சுட்டாமல், தன் வாடிக்கையாளராகிய மாணவரைச் சுட்டி ‘வித்யார்த்தி பவன்’ எனப் பெயர் பெற்றது. சமைப்பவரிலிருந்து உண்பவருக்குப் பெயர் இடம்பெயர்ந்த இம்மாற்றம் குறிப்பிடத்தக்கது. இவ்வுணவகம் எழுத்தாளர் கூடும் இடமாகவும் விளங்கியது. இங்கு வந்தோருள் ஒருவராகக் குறிக்கப்படும் மாஸ்தி வேங்கடேச ஐயங்கார், தமிழை வீட்டுமொழியாகக் கொண்டு கன்னடத்தில் எழுதி 1983இல் ஞானபீட விருது பெற்றவர். வீட்டில் ஒரு மொழி, மேசையில் ஒரு மொழி என்பது இவ்வட்டாரத்தின் இயல்பே.

1980களில் இதனையடுத்த ஜெயநகரில் ‘தர்ஷினி’ என்னும் புதுமுறை எழுந்தது. முன்பணம் கட்டிச் சீட்டுப் பெற்று, பண்டத்தைத் தாமே எடுத்து, உயர்ந்த மேசையருகே நின்று உண்ணுதல் இதன் இயல்பு. ஒரு கடையின் சிறப்புப் பெயராகத் தோன்றிய இச்சொல், அவ்வகைக் கடைகள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. சமையல் நடப்பது கண்முன் தெரிகிறது. மறைவான அடுக்களைக்குப் பெயர்ப்பலகை உறுதி அளித்த காலம் போய், உண்பவர் கண்ணே சான்றாகியது. பந்தியில் இடம் வகுத்த சமூகத்திற்கு, எவர்க்கும் இருக்கையில்லை என்னும் ஏற்பாடு ஒருவகைச் சமன்மையைக் கொணர்ந்தது. நின்று உண்ண இயலாத முதியோரை அது ஒதுக்கியதும் உண்மையே.

7. மொழிபெயர்ப்பாளர்க்கு

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளைப் பெறலாம். முதலாவது, ஒருவேர்ச் சொற்கள் ஒருபொருட் சொற்கள் ஆகா. கன்னட ‘ஊட்ட’ ‘உண்’ அடியினின்றும், ‘திண்டி’ ‘தின்’ அடியினின்றும் பிறந்தவை. ஆயின் தமிழில் அவற்றுக்கு நிகராக வழங்குபவை ‘சாப்பாடு’, ‘டிபன்’ ஆகியனவே.

இரண்டாவது, எழுத்துப்பெயர்ப்பிலும் விழிப்பு வேண்டும். தமிழ் வெண்ணெய்க்குக் கன்னடச் சொல்லின் முதலெழுத்து வல்லின ஒலிப்புடையது. தமிழ் வகரத்துக்குக் கன்னடம் பகர ஒலிப்புக் காட்டும் பொதுமரபின்பாற்பட்டது இது. அதனை அப்படியே ‘பெண்ணெ தோசை’ என எழுதினால், தமிழ் வாசகர் மகளிரை விளிப்பதாக மயங்குவர். இங்கு ‘வெண்ணெய்த் தோசை’ என்பதே தகும்.

மூன்றாவதே தலையாயது. ‘காபி கிளப்’, ‘மிலிட்டரி ஹோட்டல்’, ‘தர்ஷினி’ ஆகிய மூன்றையும் ‘உணவகம்’ என்னும் ஒரே நற்றமிழ்ச் சொல்லால் பெயர்ப்பின், நடை செம்மையாகலாம், வரலாறு அழிந்துவிடும். 1930களில் நிகழும் கதையொன்றில் ஒருவர் காபி கிளப்பின் வாயிலில் தயங்கி நிற்பது கையில் காசில்லாமையாலா, சாதியாலா என்பதை வாசகர் அறிய வேறு வழியில்லை. ‘உணவகம்’ எவரையும் தடுத்ததில்லை. காபி கிளப் தடுத்ததுண்டு.

8. முடிவுரை

ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பசவனகுடியின் உணவகப் பெயர்கள் சமைப்பவரின் சாதி, ஊர், உண்பவர், உண்ணும் முறை எனப் பல அடிப்படைகளைத் தழுவியுள்ளன. இவை ஒன்றையொன்று அடியோடு நீக்கிவிடவில்லை. இன்றும் ஒரே தெருவில் அருகருகே நிற்கின்றன. சாதிச்சொல் சுவைச்சொல்லாக மாறுவதை மொழியியலார் பொருள்மாற்றம் என்பர். அம்மாற்றம் நிறைவுற்றதா என்பதைக் கடைக்காரரைக் கேட்டு அறிய இயலாது. முன்பு வாயிலில் நிறுத்தப்பட்டவரின் வழியினரைக் கேட்டே அறிதல் வேண்டும். அச்சொற்களை மொழிபெயர்ப்போர் அவர்களையும் தம் வாசகராகக் கொண்டு எழுதுவாராயின், ஒரு சிறு சொல்லும் உரிய எடையோடு மறுமொழி சென்று சேரும்.