மைனரின் விருப்பமும் காப்பாளரின் கையொப்பமும்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 87

மனநல உள்நோயாளிச் சேர்க்கையில் மைனருக்கு முடிவெடுக்கும் தகுதியே கிடையாது என்பது இத்துறையில் முடிந்த முடிபாகவே சொல்லப்படுகிறது. தன்விருப்பச் சேர்க்கையை 86ஆம் பிரிவு மைனர் அல்லாதவருக்கே தருகிறது. 87ஆம் பிரிவோ மைனரைச் சேர்க்க நியமனப் பிரதிநிதியின், அதாவது காப்பாளரின், விண்ணப்பத்தைக் கேட்கிறது. பிறகென்ன பேச்சு என்பது அத்தரப்பின் வாதம். சட்ட வாசகம் அவ்வளவு தூரம் செல்வதாகத் தெரியவில்லை.

4ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். தகவலைப் புரிந்துகொள்ளவோ, விளைவை உணரவோ, முடிவைத் தெரிவிக்கவோ இயன்ற எவருக்கும் தகுதி உண்டு என்றே அது கொள்கிறது. மைனரை விலக்கவில்லை. முன்கூட்டிய அறிவுறுத்தல் பற்றிய 5, பிரதிநிதி நியமனம் பற்றிய 14, மேற்சொன்ன 86 ஆகியவை வெளிப்படையாகவே விலக்குகின்றன. மூன்று இடங்களில் விலக்கத் தெரிந்த நாடாளுமன்றம் நான்காவதில் மறந்துவிட்டது என்பது ஏற்கத்தக்க பொருள்கோள் அன்று. ஆகவே, மைனரைத் தனித்தனியே பரிசோதிக்கும் வல்லுநர்கள் இருவரும் அவர் விருப்பத்தைக் கருத வேண்டும் என்ற 87(3) வெறும் சடங்காக இருக்க முடியாது. தகுதியுள்ள பதினாறு வயதினரின் விருப்பம் ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்குக் காரணம் பதிவாக வேண்டும்.

சிகிச்சைக்கான இசைவு பிரதிநிதியுடையது என்னும் 87(7) இதற்கு எதிராகக் காட்டப்படும். அது யார் கையொப்பமிடுவது என்பதைச் சொல்கிறது. 4ஆம் பிரிவு தந்த தகுதியைப் பறிப்பதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகள் பெற்றோரை மீறிவிடுவார்கள் என்ற அச்சத்துக்குப் பதில் தேவையில்லை. மருத்துவமனையில் சேரப் பிடிவாதம் பிடிப்பவர் அரிது.

உண்மையான இடர் 87(8). பிரதிநிதி கேட்டால் மைனரை வெளியே அனுப்பியாக வேண்டும். தேனி மாவட்டக் கூடலூரை வைத்து இதை எண்ணிப்பார்க்கலாம். விடியலில் ஜீப்பேறிக் குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய் தந்தையர், வீட்டில் பாட்டி. கம்பம், சின்னமனூர், தேனி எல்லாம் தாண்டிக் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேரனைப் பாட்டி அழைத்துப் போனாலும், 15ஆம் பிரிவின்படி சட்டபூர்வ காப்பாளரே பிரதிநிதி. பாட்டி காப்பாளர் அல்லர். சேர்க்கை நடந்தாலும் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் துணையாளரோ இறுதிநாள் வரை உடனிருக்க வேண்டும் என்கிறது 87(5). கூலி போகிறதென்று தந்தை வெளியேற்றம் கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன்" என்னும் பையனின் சொல்லுக்குச் சட்டத்தில் எடையில்லை. அதே பையனுக்கு வார்டிலேயே பதினெட்டு நிறைந்தால், 88ஆம் பிரிவு அவனைத் தன்விருப்ப நோயாளியாக வகைப்படுத்திவிடுகிறது! இதற்கு முந்தைய 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் காப்பாளர் சேர்த்த மைனரையும் தன்விருப்ப நோயாளி என்றே அழைத்தது. யாருடைய விருப்பம் என்று மட்டும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் தகுதியுள்ள 16, 17 வயதினர் சேர்க்கைக்கு இசைந்தால் பெற்றோர் அதை மீற முடியாது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தெளிவாக்கியது. நமது 86ஆம் பிரிவுக்கும் அத்தகைய திருத்தம் வேண்டும். அதுவரை 15(2) கைவசம் இருக்கிறது: காப்பாளர் மைனரின் நலனுக்கேற்ப நடக்கவில்லையெனில், மனநல வல்லுநரோ மைனரின் நலம் நாடும் வேறு எவரேனுமோ மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகி வேறு பிரதிநிதியைக் கேட்கலாம். பாட்டியும் கேட்கலாம். பையன் இருக்க விரும்பும்போது காப்பாளர் வெளியேற்றம் கோரினால், அவன் விருப்பத்தை எழுத்தில் பதிந்து அன்றே வாரியத்துக்கு விண்ணப்பிப்பதை மருத்துவர்கள் வழக்கமாக்க வேண்டும்.