இரு சில்லுகளின் பங்கீடு

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் செல்வோர், வீதியின் இரு மருங்கிலும் நெல்வயல்கள் பரந்து கிடப்பதைக் காண்பர். பெரும்போகத்திற்கு நிலம் பண்படுத்தும் காலத்தில் உழவு இயந்திரம் சேற்றில் அகப்பட்டுக்கொள்வது அங்குள்ளோர்க்குப் புதிய காட்சியன்று. ஒரு பின்சில்லு சேற்றை வாரி இறைத்து வீணே சுழலும். உறுதியான தரையில் ஊன்றிய மற்றச் சில்லோ அசைவற்று நிற்கும். இயந்திரம் முழு வலுவோடு முழங்கியும் வண்டி ஓரடியும் நகராததேன்? விடை, சில்லுகளுக்கிடையே அமைந்த டிபரென்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதியில் இருக்கின்றது.

களத்திலே சூடு மிதித்த மாடுகளைக் கண்டோர்க்கு இதன் தேவை எளிதில் விளங்கும். நடுவில் நிற்கும் மாடு மெல்ல அடி வைக்க, ஓரத்து மாடு விரைந்து நடந்தால்தான் பிணையல் வட்டமாகச் சுற்றும். வண்டி திரும்பும்போதும் வெளிப்புறச் சில்லு நெடுவழியும் உட்புறச் சில்லு குறுவழியும் செல்லவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால் சில்லுகள் தரையில் உராயும். வண்டி திரும்ப மறுக்கும்.

இக்குறையை நீக்க வழி கண்டவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞரான ஒனிசிபோர் பெக்கர். நீராவி வண்டிக்கென அவர் 1827இல் டிபரென்சியலுக்கு உரிமம் பெற்றார். ஐம்பது ஆண்டுகளின் பின், 1877இல், இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி தம் மூன்றுசில்லு மிதிவண்டியில் இதே முறையைக் கையாண்டார். அவரும் மைந்தரும் அருகருகே அமர்ந்து மிதித்தபோது, வலுமிக்கவர் பக்கத்துச் சில்லு முந்திச் செல்ல, வண்டி வழியை விட்டு விலகியதே அவரைச் சிந்திக்கத் தூண்டியது என்பர்.

ஆயினும் இவ்வமைப்பில் ஓர் இடர் மறைந்திருந்தது. டிபரென்சியல் இரு சில்லுகளுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். சேற்றிலுள்ள சில்லு எதிர்ப்பின்றிச் சுழல்வதால் அது ஏற்கும் விசை மிகச் சிறிது. மற்றச் சில்லுக்கும் அந்தச் சிறிய அளவே கிட்டும். வலுவற்றதன் அளவே இரண்டிற்கும் அளவாகின்றது.

உழவு இயந்திரங்களில் இதற்கு நேரான தீர்வு அமைந்தது. 1964இல் வெளிவந்த மாசி பெர்குசன் 135 போன்ற இயந்திரங்களில், ஓட்டுநர் காலால் ஒரு மிதியை அழுத்தினால் டிபரென்சியல் பூட்டிக்கொள்ளும். இரு சில்லுகளும் ஒன்றாய்ச் சுழன்று வண்டியைக் கரையேற்றும். பின்னர் பூட்டு விலகும். வயலில் மெதுவாய் ஊரும் வண்டிக்கு இது போதும். வீதியில் விரையும் காருக்கு ஒவ்வாது.

காருக்கு வேண்டியது திரும்புதற்குரிய சுதந்திரமும் வீண்சுழற்சியைத் தடுக்கும் கட்டுப்பாடும் ஒருங்கே உடைய அமைப்பு. 1935இல் போர்ஷேயின் வேண்டுகோளின்படி, ஓட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்காக ஜெர்மனியின் இசட்.எப். நிறுவனம் அத்தகையதொன்றை வகுத்தது. 1956இல் அமெரிக்காவின் பெக்கார்ட் நிறுவனம் அதனைப் பொதுமக்களின் காரிலும் பொருத்தியது. 1958இல் வெர்னன் கிளீஸ்மன், உராய்வுத் தட்டுகள் இன்றித் திருகுப்பற்களால் இயங்கும் வகைக்கு உரிமம் பெற்றார்.

இவற்றிடையே காரின் அமைப்பே மாறி வந்தது. 1934இல் சித்ரோயென் நிறுவனமும், 1959இல் அலெக் இசிகோனிஸ் வகுத்த மினி காரும் முன்சில்லு இயக்கத்தைப் பரப்பின. அங்கே ஒரே சில்லுகள் இழுக்கவும் திரும்பவும் வேண்டும். வேகம் கூட்டும்போது பாரம் பின்னோக்கிச் சாய முன்சில்லுகளின் பிடி தளரும். வளைவில் உட்புறச் சில்லு மேலும் இலேசாகிச் சுழலும். 1995இன் ஹொண்டா இன்டெக்ரா டைப் ஆர், 1997இன் சிவிக் டைப் ஆர் ஆகியவை தொழிற்சாலையிலிருந்தே திருகுப்பல் வகைக் கட்டுப்பாட்டு டிபரென்சியலோடு வந்தன. சாதாரணக் கார்களுக்கோ அது வாய்க்கவில்லை.

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இலேயே மீளத் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் உள்ள காரையே பேணித் திருத்தி ஓட்டவேண்டியதாயிற்று. இந்நிலையில் குறைந்த செலவில் டிபரென்சியலை மேம்படுத்தும் வழிகளைச் சீர்தூக்குதல் தகும்.

முதல் வழி, பற்சில்லுகளை ஒட்டுவேலையால் இறுக்கிவிடுதல். செலவு சொற்பம், ஆனால் முன்சில்லுக் காரில் ஸ்டியரிங் கைக்கு அடங்காது இழுக்கும், அச்சுத்தண்டும் முறியக்கூடும். பொதுவீதிக்கு இது ஆகாது. இரண்டாவது, பழைய டிபரென்சியலுக்குள் வில்கம்பியும் உராய்வுக் கட்டைகளும் செருகுதல். சிறிது பயன் உண்டு. ஆயின் கட்டைகள் தேயும். உலோகத் துகள் எண்ணெயில் கலக்கும். முன்சில்லுக் கார்கள் பெரும்பாலானவற்றில் டிபரென்சியல் கியர்ப்பெட்டிக்குள்ளேயே இருப்பதால், அத்துகள் கியர்களையும் தாங்கிகளையும் அரிக்கும். மூன்றாவது, கட்டுப்பாட்டு டிபரென்சியல் உள்ள பழைய கியர்ப்பெட்டியைத் தேடிப் பொருத்துதல். பொருந்துமாயின், ஆராய்ந்து வாங்குவோர்க்கு இதுவே நடுத்தர வழி. நான்காவது, புதிய திருகுப்பல் வகை. விலை மிகுதி, தேய்மானம் குறைவு.

இங்கே ஒரு கணக்கு மறக்கப்படுகின்றது. மலிவான உறுப்பாயினும் விலையுயர்ந்ததாயினும் கியர்ப்பெட்டியைக் கழற்றிப் பூட்டும் கூலி பெரிதும் ஒன்றே. மலிவானது தேய்ந்தால் அக்கூலியை மீண்டும் கொடுக்கவேண்டும். ஆகவே பொருளின் விலையைமட்டும் பார்த்தல் சிக்கனமாகாது. நாளாந்தப் பயணத்திற்கே கார் வைத்திருப்போர், முதலில் நல்ல டயர்களுக்குச் செலவிடுதலே பயனுடைத்து.

எவ்வகை டிபரென்சியலும் சில்லு தரையைப் பற்றும் அளவுக்கே துணை செய்யும். மாரியில் தாம்போதிமேல் நீர் பெருகும்போது அப்பற்று அற்றுப்போகின்றது. 2024 நவம்பர் 26ஆம் நாள், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டு, இளம் உயிர்கள் பல பறிபோயின. சேற்றை வெல்லவென்றே அமைந்த வண்டியும் பாயும் நீருக்கு ஈடுகொடுக்கவில்லை. பெக்கர் காலம்தொட்டு வந்த நுட்பங்கள் யாவும் சில்லின் கீழே தரை உண்டென்னும் நம்பிக்கையில் எழுந்தவை. நீர் வடியும்வரை தாம்போதியின் இக்கரையில் காத்திருப்பதே அவ்வேளையில் ஓட்டுநரின் கடமை.