மூன்று மாதக் குரல்

சமுதாய வானொலி நடத்துகிறவர்கள், ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை. வரலாற்றுக்காக அல்ல; புகார் வந்தால் எடுத்துக் கேட்பதற்காக. அதற்கப்புறம் அந்தக் குரல்கள் என்ன ஆனால் என்ன. நான் வேலை பார்த்த நிலையத்தில் அழித்துவிடுவோம். கணிப்பொறியில் இடம் வேண்டுமே. திங்கட்கிழமை காலையில் அழிக்கிற வேலை என்னுடையது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதையைக் கேட்டு எம்.ஏ. வகுப்பில் வயிறெரிந்தவன்தான் நான். பட்டனைத் தட்டும்போது ஆற்றுத் தண்ணீர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலையத்தின் பெயர் வேண்டாம். 2012லிருந்து 2015 கடைசி வரை அங்கே இருந்தேன். ஒரே அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை. நூறு வாட் சக்தி, முப்பது மீட்டருக்கு மேல் போகக்கூடாத கோபுரம், நல்ல நாளில் பத்து கிலோமீட்டர் எட்டும். ஒலிப்பதிவு, தொகுப்பு, அறிவிப்பு, அறையைக் கூட்டுவது எல்லாம் நானும் இன்னொரு தோழியும். 'வணக்கம் நேயர்களே' என்று சொல்லும்போது அந்த நேயர்களில் பாதிப் பேரை எங்களுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

தமிழில் வானொலி வரலாறு எழுதுகிறவர்கள் நிலையங்களின் பிறந்தநாட்களை எழுதுகிறார்கள். 1924ல் சென்னை மாகாண ரேடியோ கிளப், 1930ல் சென்னை மாநகராட்சியின் ஒலிபரப்பு, 1938ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம், 1939ல் திருச்சி. எங்கள் பக்கத்துக்கு 1967ல் புதுச்சேரி. இதெல்லாம் ஒலிபரப்பியவர்களின் வரலாறு. கேட்டவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது? காடாம்புலியூரில் எங்கள் ஆயாவிடம் கொஞ்சம் இருந்தது. "பொழுது சாய பஞ்சாயத்து ஆபீசுல கொழா கட்டிப் பாடும். நாங்க கொல்லி ஓரமா நின்னு கேப்போம். சத்தத்துக்கு ஏதுடா தீட்டு? ஆனா அந்தப் பொட்டிய நான் கண்ணால பாத்தவ இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பெட்டி இருந்தது ஊரில். திருகாணியைத் திருப்பியவர் ஊர்க்காரர். எதை வைப்பது, எப்போது நிறுத்துவது என்பது அவர் விரலில் இருந்தது. ரயில், சினிமாக் கொட்டகை, வானொலி ஆகியவை சாதியைக் கரைத்தன என்று பேசுகிற நவீனத்துவக் கதையாடல் ஒன்று நம்மிடையே உண்டு. முற்போக்குத் தோழர்களுக்கும் அது பிடிக்கும். பாதிதான் உண்மை. சத்தம் சேரிக்கு வந்தது. திருகாணி வரவில்லை.

தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு 1960களில் 'ரேடியோ நெல்லு' என்றே பேர் விழுந்தது. வானொலி சொன்னது, விவசாயி விதைத்தார். பசுமைப் புரட்சியின் ஆதரவாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. ஒரு நெல்லுக்கே பேர் வைக்குமளவு சனங்களுக்குள் இறங்கிய அந்தக் கருவி, சனங்கள் சொன்ன எதையாவது அதே அளவுக்கு மேலே கொண்டுபோயிற்றா? வானொலியை விநியோகிக்கும் கருவியாக வைத்திருக்காதீர்கள், கேட்பவரையும் பேசவைக்கும் கருவியாக மாற்றுங்கள் என்று ப்ரெக்ட் 1932லேயே வாதாடினார். நமக்கு அவர் நாடகக்காரராக மட்டும் வந்து சேர்ந்தார்.

சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைக் காட்டுவதற்குப் பத்து வருஷம் முந்தி, 1885ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் சுதந்திர இந்தியா தன் ஆகாயத்துக்கே பூட்டுப் போட்டது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றியது! பேச்சுரிமைகூட நமக்கு மட்டையும் பந்துமாகத்தான் வரவேண்டியிருந்தது. பிறகு 2002ல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி. 2004ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். வந்தது. 2006ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. தனியாள் கேட்க முடியாது, கட்சி கேட்க முடியாது. செய்தியும் நடப்பு விவகாரமும் கூடாது. (அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அஞ்சல் செய்யலாம் என்று பின்னால் ஒரு சலுகை வந்தது.) வானிலை சொல்லலாம், மின்தடை சொல்லலாம், கோயில் திருவிழா சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பதிவுசெய்யக் காடாம்புலியூருக்கு வந்தேன். 2011 டிசம்பர் 30ல் அடித்த தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரி திரும்பக் காய்க்க வருஷக்கணக்காகும். பலாவுக்கு ஒரு தலைமுறை. மரம் போனாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வந்திறங்கிக்கொண்டிருந்தது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு அந்தப் பெண்கள் உடைத்தார்கள். ஓட்டுப்பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. "கைரேகை வெக்கச் சொன்னா மிசினு எடுக்க மாட்டேங்குது தம்பி" என்று ஒரு அக்கா சிரித்தது. நிலையத்தில் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. பிடிக்காதது பின்னாலிருந்த 'டக் டக்'. இரைச்சலாம், எடுத்துவிடச் சொன்னார்கள். அந்த அக்கா கையை நிறுத்தாமல்தான் பேசியது, நிறுத்தினால் கூலி குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். உடைக்கிற சத்தத்தை எடுத்துவிட்டு, புல்லாங்குழல் ஒன்றைச் சேர்த்து, 'உழைக்கும் மகளிர்' என்று ஒலிபரப்பினோம். அந்த வேலையைச் செய்தவன் நான்தான்.

2015 நவம்பர் 9 மழையில் பண்ருட்டியை அடுத்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போனது. அந்த வாரம் நான் போன ஒரு காலனியில் எங்கள் ஆயா வயசுள்ள ஒரு கெழவி மைக்கைப் பார்த்துப் பயப்படவே இல்லை. நிவாரண வண்டி ஊருக்குள்ளேயே நின்றுவிட்டதை, காலனிக்கு வந்தபோது அரிசி மூட்டை பாதிதான் இருந்ததை, இன்னாருடைய ஆள் மறித்ததை எல்லாம் ஒழுங்காக, தேதி நேரத்தோடு சொன்னது. பதினோரு நிமிஷம். திருகாணியைத் தொடாத தலைமுறை பேசிய பதினோரு நிமிஷம் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அன்றைக்கு 'நல்ல பதிவு' என்று மட்டும்தான் நினைத்தேன்.

நிலையத்தில் கேட்டார்கள். "இது செய்தி" என்றார்கள். உரிமம் போய்விடுமாம். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை, விதியில் அப்படித்தான் இருந்தது. வெள்ளம் வந்தது என்று சொன்னால் தகவல். வண்டி எங்கே நின்றது என்று சொன்னால் செய்தி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற கோடு எங்கள் ஊரில் தெருவாகவே ஓடுகிறது.

அந்த டிசம்பரில் கடலூரில் 'பேரிடர் கால வானொலி' என்று 107.8ல் ஒரு தற்காலிக நிலையம் தொடங்கினார்கள். நிவாரணமும் சுகாதாரமும் பற்றிய தகவல் சனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. சாதாரண நாளில் ஓர் ஊர் சின்ன நிலையம் கேட்டால் வருஷக்கணக்கில் காகிதம் அலைகிறது; தண்ணீர் கழுத்துக்கு வந்தால் சில வாரத்தில் வந்துவிடுகிறது. கருவி ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தபோது அங்கிருந்த கொரியர்கள் உரிமத்துக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் தங்கள் மொழியில் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அப்புறம் வியட்நாமியரும் ஒன்று தொடங்க, இரண்டும் சேர்ந்து அடுத்த வருஷம் உரிமம் பெற்ற நிலையமாயின. அவர்கள் பேசிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கினார்கள்.

அந்தப் பதினோரு நிமிஷத்தைத் தேடிப் பார்த்தேன். கிடைக்காது என்று தெரிந்துதான் தேடினேன். மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி ஒலிபரப்பானவற்றுக்குத்தான். ஒலிபரப்பாகாத குரலுக்கு அந்த மூன்று மாதமும் கிடையாது. அன்று சாயங்காலமே போய்விட்டது.

காலனியை விட்டுக் கிளம்பும்போது கெழவி கேட்டது: "எப்போ போடுவ?" ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். செல்போனில் வானொலி கேட்க இயர்போன் வேண்டும், அதுதான் ஏரியல். பேரனுடையதை வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னது.